வயசு வரட்டும்

என் சித்தி யாரையும் அன்றைக்கே திட்டியதில்லை. அவளுக்கு ஒருவர் தப்பு செய்தால் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்ப்பாள். பிறகு, "இருக்கட்டு" என்பாள். அவ்வளவுதான். கையிலிருக்கும் வேலையைத் தொடர்ந்து செய்வாள். எங்கள் வீட்டில் மாமாவின் அதட்டலுக்குக்கூட யாரும் அப்படிப் பயந்ததில்லை. அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டவர்கள் பிறகு ஆறு மாதமோ ஒரு வருஷமோ நிம்மதியில்லாமல்தான் இருந்தார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சித்தி கிணற்றடிக்குப் போனாள். நான் முற்றத்தில் அணிலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று. அம்மை வந்து கேட்டபோது, "சித்திதான் மறந்துட்டா" என்றேன். அம்மை தன் தங்கையை வாய்க்கு வந்தபடி வைதாள். சித்தி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்து, "இருக்கட்டு" என்றாள்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஊறுகாய்ப் பரணி ஒன்று உடைந்தது. தள்ளிவிட்டது பூனை. சித்தி அங்கேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் கண்முன்னால்தான் நடந்தது. சத்தம் கேட்டு வந்த அம்மை என் காதைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, நீங்க பாத்தியள்லா, சொல்லுங்க சித்தி" என்று அலறினேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடி வாங்கி நான் தேம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"பாலு பொங்குன அண்ணைக்கு எனக்கும் இப்பிடித்தான் இருந்துது மக்களே."

குரலில் கோபம் துளியும் இல்லை. பிறகு எனக்கு இரண்டு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

வாங்கியது எவ்வளவோ அவ்வளவுதான் திருப்பிக் கொடுப்பாள். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அவள் புருஷன் இறந்த அன்று, துக்கத்துக்குப் போயிருந்த எங்கள் மேலவீட்டுக்காரி பத்துப்பேர் கேட்க, "இவ காலெடுத்து வச்ச நேரம்லா அவனைக் கொண்டுபோச்சு" என்று சொல்லியிருக்கிறாள். மூன்று வருஷம் கழித்து அந்த அம்மாளின் மகன் கொழும்பிலிருந்து கடிதம் போட்டான். தெருவில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பெண் சித்தி ஒருத்திதான். மகனுக்கு என்ன ஆயிற்றோ என்ற பதற்றத்தில் அந்த அம்மாள் கடிதத்தோடு ஓடி வந்தாள். சித்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொட்டா ஆகுமா அக்கா? எனக்க நேரம் நல்லதில்லேல்லா?"

அவளை விட்டால் ஊர் வாத்தியார்தான் வாசிக்க வேண்டும்; அவர் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பி வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் மேலவீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. கடிதத்தில் இருந்தது சுகச் செய்திதான்.

இப்படிச் சொன்னால் அவளை ஏதோ பிசாசு என்று நினைத்துவிடக்கூடும். அது சரியல்ல. விதவையாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளில், தோவாளைப் பக்கம் வண்டி நின்றபோது, பிச்சிப்பூ பறித்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி வெயிலைப் பார்த்து அவளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாளாம். ஒவ்வொரு அறுவடைக்கும் அந்தக் கிழவிக்குப் புதுநெல் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது பதினொரு நாள் என் தலைமாட்டை விட்டு அவள் நகரவில்லை. எதையும் மறக்க முடியாதவள் அவள். நல்லது செய்தவர்களுக்கு அது பாக்கியமாக இருந்தது.

மாமா அவளுக்குச் செய்ததை நான் அம்மை சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதை ஒட்டி. அப்போது நான் கைக்குழந்தை. மாமா என்றால் அம்மைக்கும் சித்திக்கும் தாய்மாமன். முறைப்படி எனக்குத் தாத்தா, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவர் மாமாதான். எங்கள் சாதியில் அன்று மருமக்கள் வழி. சொத்து சகோதரி பிள்ளைகளுக்கு. அதை ஆள்கிறவர் தாய்மாமன். அவரைக் காரணவர் என்பார்கள். யாருக்கு எப்போது கல்யாணம், யார் எதுவரை படிக்கலாம், எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சித்திக்கு அப்போது பதிமூன்று வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த உபதேசியார் மகள் அவளுக்கு ஒரு நாவல் கொடுத்தாள். சீமையில் பேர்பெற்ற நாவல்; யாரோ தமிழாக்கி அச்சிட்டிருந்தார்கள். கலங்கரை விளக்கின் காவல்காரனுக்கு ஒரு மகள். தகப்பன் கடலில் போனபிறகு பெரியப்பன் வீட்டில் வளர்கிறாள். ஒன்பது வயதிலிருந்து இருபது வயதுவரை அவள் எப்படி வளர்ந்து ஆளாகிறாள் என்பதுதான் கதை. சித்தி அதை மாட்டுத்தொழுவிலும் வைக்கோல்படப்பின் மறைவிலும் உட்கார்ந்து படித்திருக்கிறாள். நூற்றுநாற்பத்திரண்டாம் பக்கம். அந்தப் பெண் பெரியப்பன் வீட்டைவிட்டு ஓடி வந்து, கையில் ஒரு தகரப்பெட்டியோடு துறைமுகத்தில் நிற்கிறாள். கப்பல் ஊதுகிறது. அந்த இடத்தில் மாமா வந்து புத்தகத்தைப் பிடுங்கினார்.

"இதெல்லாம் படிக்கதுக்கு உனக்கு வயசு ஆகல்ல. வயசு வரட்டும், பாப்பம்."

சித்தி அதை நம்பியிருக்கிறாள். நான்கு மாதத்தில் பெரிய மனுஷியானாள். சடங்குக்கு உறவெல்லாம் கூடியிருந்தபோது, தலையில் பூவோடு மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, வயசு வந்தாச்சு. அந்தப் புஸ்தகத்தைத் தருவியளா?"

கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. மாமாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வயசுக்கு வந்தவளுக்குக் கதை எதுக்குட்டீ? அடுக்களை இருக்கு, போ" என்றார்.

புத்தகம் அதற்குள் கைமாறியிருந்தது. மாமாவின் மகனுக்கும் அப்போது பதிமூன்று வயதுதான். திருவனந்தபுரத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். "பய வாசிக்கட்டும், உலகம் தெரியும்" என்று அவனிடம் கொடுத்துவிட்டிருந்தார். இரவல் புத்தகம் திரும்பி வராததற்காக உபதேசியார் தன் மகளை அடித்தார். அந்தப் பெண் அதன்பிறகு சித்தியோடு பேசவே இல்லை. ஒரே ஒரு சிநேகிதி, அவளும் போனாள்.

அன்று சித்தி, "இருக்கட்டு" என்று சொன்னாளா என்று அம்மையிடம் கேட்டேன். "இல்ல. ஒண்ணுமே சொல்லல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துது" என்றாள் அம்மை.

அடுத்த வருஷமே திருப்பதிசாரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் நல்லவர்தான். அப்படி ஒரு புத்தகம் கிடைக்குமா என்று ஒருநாள் அவரிடம் கேட்டிருக்கிறாள். "கல்யாணம் ஆனபெறவு இனி என்ன படிப்பு? அந்த வயசெல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டார். எப்போதோ ஒருமுறை இதை என்னிடம் சொன்னபோது சித்தி சிரித்தாள். "முதல்ல வயசு வரல்லன்னாவ. பெறவு வயசு போச்சுன்னாவ. நடுவுல அது எப்பம் வந்துதுன்னு எனக்குத் தெரியல்ல மக்களே."

ஆறு வருஷத்தில் அவர் காலராவில் போனார். குழந்தையில்லை. அவள் திரும்பி வந்த சமயத்தில் சர்க்கார் சட்டம் போட்டு, மருமக்கள் வழிக் குடும்பங்கள் பாகம் பிரிக்கலாம் என்றாயிற்று. இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் வீடும் பிரிந்தது. வடபாதி அம்மைக்கு, தென்பாதி சித்திக்கு. மாமா தன் பங்கை மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு அவனோடு போனார். மகன் அப்போதுதான் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தான். மூன்று வருஷத்தில் மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வைத்தியம் பார்க்கப்போய் மிச்சப் பார்வையும் போயிற்று. மாமி முன்பே இறந்திருந்தாள். மகனின் மனைவிக்குக் குருட்டு மாமனாரை வைத்துப் பார்க்கப் பொறுமையில்லை. "அப்பாவை ஊர்ப்பக்கம் யாராவது வச்சுக்கிட்டா நல்லது" என்று மகன் சொல்லியனுப்பினான்.

அவர் ஆண்ட குடும்பத்தில் ஒருவரும் முன்வரவில்லை. சித்திதான், "நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஊரே அவளைப் புகழ்ந்தது. அம்மை மட்டும் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"வேண்டாம்ட்டி. எனக்கு உன்னைத் தெரியும்."

"என்ன தெரியும்? சோறு போட மாட்டேன்னு நெனச்சியா?"

"அதில்ல."

"பெறவு என்னக்கா?"

அம்மை அவள் கையை விட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

சோறும் மற்றதும் அவள் குறை வைக்கவே இல்லை. காலையில் வெந்நீர், நேரத்துக்கு ஆவி பறக்கச் சோறு, நெஞ்சில் சளி கட்டினால் மிளகு ரசம். வேட்டியில் ஒரு கறை இருக்காது. மாமா வந்து போகிறவர்களிடமெல்லாம், "எம்மருமவ மாதிரி ஒருத்தி உண்டுமா?" என்று சொல்லிக் கண்கலங்குவார்.

அவரோடு ஒரு பழைய பெட்டியும் வந்திருந்தது. மகன் தனக்கு வேண்டாததையெல்லாம் அதில் போட்டு அனுப்பியிருந்தான். அடியில் அந்த நாவல் இருந்தது. அட்டையில் அவன் பெயர். முதல் பத்துப் பக்கத்தின் ஓரத்தில் மீசையும் தொப்பியுமாகப் படம் வரைந்திருந்தான். அதற்கப்புறம் அவன் விரல் பட்ட அடையாளமே இல்லை. நூற்றுநாற்பத்திரண்டாம் பக்கத்தின் மூலை மட்டும் மடித்தபடி இருந்தது. அது சித்தி மடித்தது.

"மாமா, பொழுது போகாம இருக்கியளே, ஒரு கதை வாசிக்கட்டுமா?" என்று அவள் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். மாமா முதலில், கதையா என்று முகம் சுளித்தார். என்ன கதை என்று அவருக்குத் தெரியாது. பிடுங்கினாரே தவிர அதைத் திறந்து பார்த்தவரில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறேழு பக்கம் வாசிப்பாள். நான் தரையில் படுத்துக் கேட்பேன். எனக்குப் பதிமூன்று வயது. அம்மை ஏதோ புராணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தி வாசித்தால் ஆட்கள் எழுந்து நடமாடுவார்கள். நாலாம் நாளே மாமா சாப்பிட்டுக் கைகழுவியதும், "வா மக்களே, வா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். தகப்பனின் தோணி திரும்பி வராத இடத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பெரியப்பன் கதவைச் சாத்துகிற இடத்தில் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"சவத்துப்பய! ஒரு பொம்பளப் பிள்ளையை இப்பிடியா போட்டு வதைப்பான்? அவன் உருப்படுவானா?"

சித்தி வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவர் முகத்தில் வேறு ஒன்றும் தெரியவில்லை. கோபம் மட்டும்தான். அவள் மறுபடி வாசித்தாள்.

இருபதாவது நாளோ என்னவோ, துறைமுகம் வந்தது. தகரப்பெட்டியோடு பெண் நிற்கிறாள். கப்பல் ஊதுகிறது. சித்தி புத்தகத்தை மூடினாள்.

"ஏறினாளா?" என்றார் மாமா.

"இம்பிடுதான் மாமா."

"பாக்கி நாளைக்கா?"

"இல்ல. வயசு வரட்டும்."

மாமா ஏதோ வேடிக்கை என்று சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. பார்வையில்லாத கண்ணை அவள் பக்கமாகத் திருப்பினார். என்ன புத்தகம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த நாளும் அவருக்கு ஆவி பறக்கச் சோறு வந்தது. கதை வரவில்லை. அப்படியே இரண்டு வருஷம்.

அதட்டிப் பார்த்தார். "நீ எனக்கு என்ன வேணும்னாலும் செய்யி, ஆனா அந்தக் குட்டி என்ன ஆனான்னு மட்டும் சொல்லிரு" என்று கெஞ்சினார். சித்தி அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "மழை வரும்போலிருக்கு மாமா" என்பாள். அவர் வீம்புக்காரர், ஒரு பெண்பிள்ளைக் கதைக்காகத் தான் ஏங்குவது வெளியே தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார். மகனுக்கு எழுதிக் கேட்கலாமே என்று நான் சொன்னபோது, "இதுக்காக அவனுக்குக் கடிதாசி போடவா? சீ" என்றார். வேறு யாரிடமும் அவர் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை.

சித்தியும் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. அவள் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. பெட்டிச் சாவியை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள். ஒருநாள் அவள் வயலுக்குப் போயிருந்தபோது பார்த்தேன்: பூட்டு வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. ஆரல்வாய்மொழிக் காற்று ஓலைகளைப் பிய்த்தெறியும் ஆனி ஆடி மாதம். அவள் வயலுக்குப் போகும் நேரமெல்லாம் வைக்கோல்படப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே வாரத்தில் படித்து முடித்தேன்.

அந்தப் பெண் கப்பல் ஏறினாள். ஏறியது சரிதானா என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுதான் மிச்சக் கதை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. குளத்தில் குளிக்கும்போதும் விறகு அடுக்கும்போதும் கையில் தகரப்பெட்டி கனப்பதுபோல இருந்தது. என் அம்மையை, எங்கள் தெருவை, கிணற்றடியில் வம்பு பேசும் பெண்களை எல்லாம் அதுவரை பார்த்ததேயில்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். பின்னால் எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். எதுவும் அப்படிச் செய்ததில்லை.

மாமாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் நடக்கிற சத்தம் மாறியிருந்ததோ என்னவோ. ஒருநாள் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, அவ கப்பல் ஏறினாளா?"

சித்தி பின்கட்டில் இருந்தாள். "இருக்கட்டு" என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டதுபோல என் காதில் கேட்டது.

"எனக்குத் தெரியாது மாமா" என்றேன்.

அவர் கையை விட்டார். அதன்பிறகு ஏழெட்டு மாதம்தான் இருந்தார். கடைசி மூன்று நாள் நினைவு தடுமாறிவிட்டது. உறவெல்லாம் வந்து சூழ்ந்து, வாயில் பால் ஊற்றி, திருநீறு பூசி, சிவநாமம் சொல்லச் சொன்னார்கள். மாமா, "அந்தக் குட்டி கப்பல் ஏறினாளா?" என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் அந்தக் குட்டி? எந்தக் கப்பல்? அவர் இறந்து சாம்பல் ஆறுவதற்குள் ஊர் விடை கண்டுபிடித்துவிட்டது. குளச்சல் பக்கம் ஒரு தொடுப்பு இருந்ததாம். வயிற்றில் பிள்ளையோடு கொழும்புக்குக் கப்பல் ஏற்றிவிட்டாராம். நாற்பது வருஷம் குடும்ப மானத்தை முறுக்கின மீசையில் தாங்கி நின்ற மனிதர். வடசேரிச் சந்தைவரை பேச்சு போயிற்று. அம்மை அழுதுகொண்டே வந்து, "உனக்கு ஏதாவது தெரியுமாட்டி?" என்று சித்தியிடம் கேட்டாள். சித்தி உளுந்து நனைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் துடைத்திருக்கலாம். நானும்தான் துடைத்திருக்கலாம்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும், மாமாவின் மகன் கிணற்றடியில் சித்தியைப் பார்த்துப் பேச வந்தான். மூக்குக்கண்ணாடி, வழுக்கை விழத்தொடங்கிய தலை.

"அப்பா கடைசியில யாரையோ கேட்டாராமே. ஊரெல்லாம் அசிங்கமாப் பேசுது. யாரு அது?"

"உங்களுக்குத் தெரியாதா அத்தான்? உங்களுக்குப் பதிமூணு வயசு இருக்கும்போ மாமாவேதான் அவளை உங்க கையில குடுத்தாவ."

"என் கையிலயா?"

"ஆமா. நீங்கதான் திரும்பிப் பாக்கல்ல."

எதை நினைத்தானோ, எந்தச் சின்ன வயது நாளைத் தோண்டினானோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வண்டி ஏறிப்போனான். பிறகு அவன் எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததேயில்லை.

மறுநாள் மத்தியானம் சித்தி புத்தகத்தை எடுத்தாள். மூன்று மத்தியானத்தில் மிச்சத்தைப் படித்து முடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கங்கள் புரண்டன, முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முடித்ததும் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் குட்டிக்கு என்னத்துக்கு இவ்வளவு அழுகை? எதுக்கெடுத்தாலும் அழுகா." புத்தகத்தை மடியில் வைத்தாள். அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. "இது பதிமூணு வயசுல படிக்க வேண்டியதுட்டி. இப்பம் எனக்கு ஒண்ணும் தோணல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ படிச்சப்ப அழுதியா?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "அழுதேன்" என்றேன்.

"மாமா உங்கிட்டக் கேட்டாவ. நான் பின்கட்டுல நின்னேன். ஏன் சொல்லல்ல?"

"நீங்க என்ன செய்வியளோன்னு பயந்து..."

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். எனக்க வாயால சொல்ல எனக்கு மனசு வரல்ல. நீ படிச்சு அவ்வோகிட்டச் சொல்லுவேன்னுதான் பெட்டியைப் பூட்டாமப் போட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு எழுந்து, கொடியில் கிடந்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

அது உண்மைதானா, இல்லை கேட்காமல் அவள் பெட்டியைத் திறந்ததற்கு எனக்குத் திருப்பிக் கொடுத்ததா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவள் சாகும்வரை கேட்கத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து நான்கு நாள் அவளோடு நான் பேசவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "இரி" என்று என்னை முன்னால் உட்காரவைத்துத் தலையைச் சிக்கெடுத்தாள். ஒரு முடிகூட இழுபடவில்லை. அவள் விரல்கள் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தன.